ஒயர் வைத்த காது மிஷின்

சுருளிப்பட்டியில் சந்தனம்மாள் வீட்டுக்கு வழி கேட்டால், "காதுல ஒயர் மாட்டியிருப்பாகளே, அந்தம்மாவா?" என்று இன்றைக்கும் திருப்பிக் கேட்பார்கள். நடுவில் சில வருஷம் அவள் காதில் ஒயர் இல்லாமல்தான் இருந்தது. ஊர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்குக் காது போனது ஒரே நாளில் அல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாணமான பிறகும், மகன் மாரிசெல்வம் பிறந்த பிறகும் அதே மில்தான். மிஷின் ஓடுகிற கூடத்துக்குள் வாய்விட்டுப் பேசிப் பிரயோசனமில்லை. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் அவள் கெட்டிக்காரி. இரண்டு வரிசை தள்ளி நிற்கிற பெண்ணின் மாமியார் சண்டையை நின்ற இடத்திலிருந்தே கேட்டுவிடுவாள், அதாவது பார்த்துவிடுவாள். அதனால்தான் காது மங்கிக்கொண்டு வந்தது அவளுக்கே பிந்தித் தெரிந்தது. ஒருநாள் பிள்ளை தொட்டிலில் கிடந்து தொண்டை வறள அழுதிருக்கிறான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தறி வேலை முடிந்து வந்த அவள் புருஷன் பிச்சைமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றபோதுதான் நிமிர்ந்தாள். அவர் கோபப்படவில்லை. அடுத்த நாளே மதுரைக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

மதுரை டாக்டர், நரம்பு அடிபட்டுவிட்டது, இனித் திரும்பாது, மிஷின்தான் வழி என்றார். அப்படி வந்ததுதான் அந்த முதல் மிஷின். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் மேலே ஏறிக் காதுக்குள் போகும். உள்ளே ஒரு பென்சில் பேட்டரி. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் பல் பல்லாக ஒரு சக்கரம். பிச்சைமணி தன் பழைய வேட்டித் துணியில் அதற்கு ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்தார். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வாள்.

அந்த மிஷின் அவளோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. வியர்வையில் ஊறியது. தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, வெயிலில் பிரித்துக் காயவைத்த பிறகு மறுபடியும் பேசியது. மாரிசெல்வம் சின்னப் பையனாக இருந்தபோது அதைக் கழற்றி உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். பிச்சைமணியின் அப்பா இறந்து, பாகம் பிரித்ததில் சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டம் அவர் பங்குக்கு வந்தது. குடும்பம் ஆண்டிபட்டியை விட்டு இங்கே வந்த பிறகு, பந்தலுக்கு அடித்த மருந்துத் தூள்கூட அந்தச் சக்கரத்தின் பல்லில் ஏறியிருந்தது. ஒயர் அறுந்துபோகும். அறுந்தால் கம்பத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அருண் ஜோசப்பிடம் போவாள். அவன் சூடு வைத்து ஒட்டிக் கொடுப்பான். இல்லையென்றால் வேறு ஒயர் போடுவான். காலையில் செத்த மிஷின் மத்தியானம் உயிரோடு வீட்டுக்கு வந்துவிடும்.

ஆனால் அவளுக்கு அந்த ஒயர் பிடிக்கவில்லை. ஒருநாளும் பிடித்ததில்லை. கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தி, "என்ன மதினி, பாட்டா ஓடுது?" என்று கேட்டுச் சிரிப்பாள். பஸ்ஸில் குழந்தைகள் அதையே பார்க்கும். போட்டோ எடுக்கும்போது அவள் சேலைத் தலைப்பை இழுத்து ஒயரின் மேல் போட்டுக்கொள்வாள். அப்படியும் காதுக்குக் கீழே ஒரு துண்டு வெளியே தெரியும். மாரிசெல்வத்தின் கல்யாண ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் அவள் ஏதோ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி நிற்பதாக அவளுக்குத் தோன்றும். அந்த ஆல்பத்தை அவள் யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை.

கொரோனா வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டது. பாதிப் பேச்சைக் காதாலும் பாதிப் பேச்சை உதட்டாலும் கேட்டு வந்தவளுக்கு அந்த ஒரு பாதி ஒரேயடியாகப் போயிற்று. முகக்கவசத்தின் ரப்பரும் மிஷின் ஒயரும் ஒன்றோடொன்று சிக்கி, ஒன்றைக் கழற்றினால் மற்றதும் சேர்ந்து வரும். ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த மாரிசெல்வம் ஊரடங்கு தளர்ந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா எல்லோரையும் விழித்து விழித்துப் பார்ப்பதைக் கண்டான். அந்தப் பொங்கலுக்கே, மனைவி கயலோடு சேர்ந்து அவளைத் தேனிக்குக் கூட்டிப்போய், காது பரிசோதித்து, புது மிஷின் வாங்கிக் கொடுத்தான். இரண்டு காதுக்கும் இரண்டு. பாக்குக் கொட்டை அளவுதான். காதுக்குள் வைத்தால் இருக்கிறதே தெரியாது. பேட்டரி மாற்ற வேண்டாம், ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்துச் சார்ஜ் போட்டால் போதும். அங்கே வேலை பார்த்த மெர்லின் என்ற பெண் அதைக் காதில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, பின்னால் போய் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நான் பேசுறது கேக்குதா?"

சந்தனம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒருவர் பேசி, அது கேட்டு, அதற்குத் திரும்பிப் பார்ப்பது என்பது அவள் மறந்துபோன ஒன்று.

அடுத்து வந்த நாட்கள் அவள் வாழ்க்கையில் நல்ல நாட்கள். கடுகு வெடிக்கிற சத்தம், ஓலைக்கீற்று உரசுகிற சத்தம், வாசலில் வந்து நிற்கிற பஸ் மூச்சுவிடுகிற சத்தம் எல்லாம் திரும்பக் கிடைத்தன. பழைய மிஷினில் இவையெல்லாம் ஒரே இரைச்சலாக, துணி உரசுகிற சத்தத்தோடு சேர்ந்து வரும். இதில் தனித்தனியாக வந்தன. பிச்சைமணி பந்தலுக்கடியில் வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றும் அவளுக்கு அது எட்டியதில்லை.

"எப்பயிருந்து இப்படிப் பாடுறீக?" என்று கேட்டாள்.

"நான் எங்க பாடுனேன்?" என்றார் அவர். பாடுவது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அதைச் செய்தாள். ஒருநாள் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவன் தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு வந்தான். அவன் கூவுவது அடுப்படிவரை கேட்டதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. உடைந்த மிக்சி ஜாரையும் கிழிந்த மருந்தடிக்கிற குழாயையும் எடுத்துப் போட்டவள், உள்ளே போய்ப் பழைய மிஷினையும் துணிப்பையோடு எடுத்து வந்தாள்.

பிச்சைமணி பார்த்துவிட்டார். "அதை ஏன் போடுற? ஒரு ஓரத்துல கெடக்கட்டும். தீனியா கேக்குது?"

"கெடந்து என்ன செய்ய? அதப் பாத்தாலே எனக்கு ஆகல."

அவள் அதை வண்டியில் போட்டாள். வண்டிக்காரன் அதைத் திருப்பிப் பார்த்து, ரேடியோவா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது.

புது மிஷின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. பழையது மாதிரி மாதம் தவறாமல் ஒயர் அறுவது, விசில் அடிப்பது எதுவும் இல்லை. அதனாலேயே அது கெட்டுப்போகும் என்ற நினைப்பே அந்த வீட்டில் யாருக்கும் இல்லாமல் போயிற்று. மூன்றாவது வருஷம் இடது காது மிஷின் சார்ஜ் ஏறவில்லை. டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது, காதில் வைத்தால் ஒன்றும் இல்லை. தேனிக்குப் போனார்கள். மெர்லின் அதை ஒரு சின்னத் தூரிகையால் துடைத்தாள், வேறு டப்பாவில் வைத்துப் பார்த்தாள், கம்பெனிக்கு அனுப்பினாள். சில வாரம் கழித்து அது போனபடியே திரும்பி வந்தது.

"இதுக்குள்ள பேட்டரிய ஒட்டியே வச்சிருக்காங்கம்மா. தொறந்தா ஒடஞ்சிரும்" என்று உதடு தெளிவாகத் தெரியும்படி மெர்லின் சொன்னாள். "முன்னாடின்னா கம்பெனியில மாத்திக் கொடுத்திருப்பாங்க. இப்ப இந்த மாடலே நிப்பாட்டிட்டாங்க. புதுசுதான் எடுக்கணும். இதக் கொடுத்தா கொஞ்சம் கழிச்சுக்குவாங்க."

"மூணு வருசம் முன்னாடி வாங்குனது பழசாப்போச்சா?" என்று பிச்சைமணி கேட்டார்.

"எனக்கும் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு ஐயா."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று சந்தனம்மாளுக்குத் தெரிந்தது. யார் மேலும் கோபப்பட முடியாமல் வீட்டுக்கு வந்தார்கள். வலது காதில் ஒன்று இருந்ததால் காரியம் நடந்தது. போனில் மாரிசெல்வம், "பொங்கலுக்கு வரும்போது பாத்துக்கலாம்மா" என்றான். அவனுக்கு அந்தச் சமயம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம். அவசரமில்லை என்று அவளே சொன்னாள்.

கொஞ்ச நாளில் வலது காதும் இறங்கிக்கொண்டு வந்தது. முதலில் சாயங்காலம்வரை தாங்கியது. பிறகு மத்தியானத்தோடு நின்றது. முக்கியமான பேச்சையெல்லாம் காலையிலேயே முடித்துக்கொள்ளப் பழகினாள். பால்காரர், பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டி, மகனின் போன், எல்லாம் காலையில். ஆடி மாதத்தில் ஒருநாள் அது காலையிலும் பேசவில்லை.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிச்சைமணி மகனிடம் சொல்வார், மகன் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான் அல்லது வர முடியாமல் அங்கே இருந்து வருத்தப்படுவான். பொங்கல்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். மில்லில் கற்ற உதட்டுப் பேச்சு கைவசம் இருந்தது. மகனிடமிருந்து போன் வந்தால், கை வேலையாக இருக்கிறது என்று பிச்சைமணியையே பேசச் சொல்லிவிடுவாள். செத்துப்போன மிஷின்கள் இரண்டையும் தினமும் காலையில் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். பழைய மிஷின் என்றால் அவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்திருப்பார். ஒயர் அறுந்து தொங்கும், இல்லையென்றால் அவளே எரிச்சலில் கழற்றித் தோளில் போட்டிருப்பாள். இது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் காதுக்குள் ஒரே மாதிரிதான் இருந்தது.

"மிசின் கேக்குதா?" என்று எப்போதாவது அவர் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்பார்.

"கேக்குது, கேக்குது" என்பாள்.

ஒரு சிரமம் மட்டும் அவள் எதிர்பார்க்காதது. பிச்சைமணிக்கு அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் மேல் வரிசைப் பற்களை எடுத்திருந்தார்கள். கட்டிய பல் உறுத்துகிறது என்று அவர் போட்டுக்கொள்வதில்லை. பல் போன வாயில் உதடு வேறு மாதிரி அசைந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்துப் பழகிய வாய், கடைசியில் அவளுக்குப் புரியாத வாயாகிவிட்டது. முகத்தையும் கையையும் வைத்துத்தான் ஊகித்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். கிளை வெட்டிக் கவாத்து பண்ணிய கொடிகளில் புதுத் தளிர் நீளமாக விட்டிருந்தது. பிச்சைமணி ஸ்டூலின் மேல் ஏறி நின்று தளிர்களைப் பந்தல் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கீழே நின்று வாழைநாரைக் கிழித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் முகம் இலைகளுக்குள் இருந்தது. அண்ணாந்து பார்த்தவளுக்கு அவருடைய தொண்டை அசைவது மட்டும் தெரிந்தது. பாடுகிறார் என்று முதலில் நினைத்தாள். பிறகு கை நின்றது, தொண்டை மட்டும் அசைந்தது. அப்போது பேசுகிறார் என்று புரிந்தது.

நிறைய நேரம் பேசினார். சாதாரணமாக அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. நடுவில் ஒருதரம் நிறுத்தி, நாரை வாங்கிக் கட்டிவிட்டு, மறுபடியும் பேசினார். அவள் "ம்" என்றாள். அவர் இன்னும் பேசினார். அவள் இன்னொரு "ம்" போட்டாள். மருந்துச் செலவு, கூலி ஆள், வேல்பாண்டியின் வாய்க்கால் தகராறு, இதில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் ஸ்டூலை விட்டு இறங்கினார். அவளுக்கு நேராக வந்து நின்றார். பின்னால் மேற்கு மலைப்பக்கம் இறங்குகிற வெயில், அவர் முகம் இருட்டாகத் தெரிந்தது. ஏதோ கேட்டார். கேள்விதான் என்பது தலை சாய்ந்த விதத்தில் தெரிந்தது.

"சரிங்க" என்றாள்.

அவர் நம்பாதவர் மாதிரி மறுபடியும் கேட்டார். அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது மாதிரி இருந்தது. "நெசமாவா?"

"நெசமாத்தான். அப்படியே செய்வோம்."

அவர் சிரித்தார். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வைதானா என்று அவளுக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. பிறகு, ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி, வாழைநார்க் கட்டை அவள் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம், விளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து, என்ன சொன்னீக என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம், நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. நாளைக்கு ஆகட்டும் என்று விட்டாள். நாளைக்கும் விட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒருநாள் காலையில் மோட்டார் போடப் போனவர் அங்கேயே விழுந்தார். வேல்பாண்டிதான் பார்த்து, ஆள் கூட்டி, கம்பத்துக்குக் கொண்டுபோனான். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேல்பாண்டி ஓடிவந்து வாசலில் நின்று கத்தியதும் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் அடுப்படிக்குள் வந்து அவள் தோளைத் தொட வேண்டியிருந்தது.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கலைந்த பிறகு மாரிசெல்வம் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினான். ஒரு முற்பகலில் அம்மாவை முற்றத்தில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்தான். கயல் பக்கத்தில் இருந்தாள்.

"தோட்டத்த என்னம்மா செய்யலாம்? அப்பா ஏதாச்சும் சொல்லியிருக்காகளா?"

சந்தனம்மாள் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னாக" என்றாள். "என்ன சொன்னாகன்னு எனக்குத் தெரியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பந்தலுக்கடியில் நின்றது, தொண்டை அசைந்தது, சரி என்று தான் சொன்னது. சொல்லிக்கொண்டே வந்தவள், மகனின் முகம் மாறுவதைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஒரு மிசின் ஓடுதுன்னுதானம்மா சொன்ன?"

"ஓடுச்சு. ஆடியிலயிருந்து இல்ல."

அவன் கையை நீட்டி அவள் வலது காதிலிருந்து மிஷினை மெல்ல எடுத்தான். தன் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விரலால் அழுத்தினான். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தான், பச்சை விளக்கு எரிந்தது. அதை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். மெர்லின் சொன்ன அன்றைக்கே வாங்கியிருக்கலாம் என்று அவன் கயலிடம் சொன்னது சந்தனம்மாளுக்குத் தெரியாது. பின்னால் கயல்தான் ஒருநாள் போனில் எழுதிக் காட்டினாள்.

அப்பா என்ன கேட்டிருப்பார் என்பதற்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. மாரிசெல்வம் சொன்னான்: "எங்கிட்ட ஒரு தடவ, ரெண்டு பேரும் ஓசூருக்கே வந்துரவான்னு கேட்டாக. ஒங்க அம்மா சம்மதிக்க மாட்டான்னு அவுகளே சொல்லிக்கிட்டாக. அதுவா இருக்கும்மா." அவன் அப்படி நம்ப விரும்புவது அவளுக்குத் தெரிந்தது.

வேல்பாண்டி வேறு சொன்னான். "அண்ணே ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தாக மதினி. இந்தக் கொடியெல்லாம் புடுங்கிட்டுத் தென்னை வச்சுட்டா அங்கன இங்கன ஓடாம நிம்மதியா இருக்கலாம்னு. மருந்தடிச்சு மருந்தடிச்சு நெஞ்சு வலிக்குதுன்னாக. ஒங்ககிட்டச் சொல்லலியா?"

நெஞ்சு வலி என்ற சொல்லை அவள் அவன் உதட்டில் இரண்டுமுறை பார்த்துத்தான் நம்பினாள். அன்றைக்கு அதைத்தான் சொன்னாரோ. எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இல்லை, போக வேண்டாம், யாரிடமும் சொல்லாதே, சரியா என்று கேட்டாரோ. அதற்குத்தான் சரி என்றாளோ. ஆனால் நெஞ்சு வலியைச் சொல்லிவிட்டு ஒருவர் அப்படிச் சிரிப்பாரா. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சாயங்காலத்துக்குள் பொருத்திப் பார்ப்பாள். எல்லாமே ஒரு அளவுக்குப் பொருந்தும். எதுவும் முழுசாகப் பொருந்தாது.

தை பிறந்ததும் மாரிசெல்வம் அவளைத் தேனிக்குக் கூட்டிப்போனான். மெர்லின் முந்தியதை விடச் சின்னதாக, போனோடு சேர்ந்து வேலை செய்கிற ஒன்றை எடுத்து வைத்தாள். சந்தனம்மாள் அதைத் தொடவில்லை.

"ஒயர் வச்சது இருக்கா?"

"அம்மா, இதுல பேச்சு இன்னும் நல்லாக் கேக்கும்."

"கேக்கும்த்தா. நான் இல்லங்கல. எனக்கு அது நின்னுபோனா நின்னுபோச்சுன்னு வெளிய தெரியணும்."

மெர்லின் மாரிசெல்வத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். சொல்லி வரவழைத்துக் கொடுத்தார்கள். பார்க்க அதே மாதிரிப் பெட்டிதான். ஆனால் கையில் எடுத்தால் கனமில்லை. சக்கரம் வழுவழுவென்று சுற்றியது. ஒயர் பங்குனிக்குள்ளேயே அறுந்தது. கம்பத்துக்கு எடுத்துப்போனாள். அருண் ஜோசப் இப்போது ரேடியோ பார்ப்பதில்லை, செல்போன்தான். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு ஒயரைப் பிரித்துப் பார்த்தான்.

"உள்ள கம்பி தலமுடி மாதிரி இருக்கே அக்கா. சூடு வச்சா எரிஞ்சிரும்."

"பழசு எத்தன வருசம் ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டான். உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னான்: "ஒரு கொறையும் இல்லாமயா? மாசா மாசம் நீங்க எங் கடை வாசல்ல நின்னது மறந்துபோச்சா? அண்ணே சைக்கிள்ல ஒங்கள வச்சுக் கூட்டிட்டு வருவாக. நான் இருக்குற வேலையெல்லாம் போட்டுட்டு அதப் பாப்பேன். அதான் ஓடுச்சு."

அவன் சொன்னது உண்மைதான். எத்தனையோ தடவை கெட்டது. கெட்டபோதெல்லாம் பிச்சைமணிக்குத் தெரிந்தது. தெரிந்ததும் சைக்கிளை எடுத்தார். அருண் ஜோசப் வேறு ஏதோ பழைய ஹெட்போனிலிருந்து ஒயரை வெட்டி எடுத்து, அளவு பார்த்து ஒட்டிக் கொடுத்தான். காதில் மாட்டியதும் கடைக்கு வெளியே போகிற லாரியும் டீக்கடைப் பாட்டும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன.

மாரிசெல்வம் கூப்பிட்டதற்காக ஓசூருக்குப் போய் ஒரு மாதம் இருந்தாள். கயல் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பேரன் அவள் கழுத்துப் பையிலிருக்கிற பெட்டியை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பேசுவான், அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் திரும்பி வந்துவிட்டாள். அவர் கேட்டது ஓசூருக்குப் போவதைப் பற்றித்தான் என்றால், போகலாம் என்று சொன்னவள் அவள். இல்லையென்றால், இங்கேயே இருக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான். எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு வாக்கை மீறுகிறோமோ என்று இருந்தது. அவர் சொன்னது காதில் விழுந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், அது அவளுக்குத் தெரியும். அவர் கேட்டு அவள் மறுத்தது குறைவு. ஆனால் காதில் விழுந்திருந்தால் திருப்பி ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பாள். ஏன் இப்பச் சொல்றீக என்றாவது கேட்டிருப்பாள். அவர் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

தோட்டத்தை வேல்பாண்டி குத்தகைக்குப் பார்க்கிறான். காலையில் வெயில் ஏறும் முன் அவள் ஒரு நடை போய்வருவாள். போன வாரம் அவன் கிழக்குப் பக்கத்துக் கொடிகளைக் காட்டிப் பேச்செடுத்தான்.

"இதெல்லாம் வயசான கொடி மதினி. காய்ப்பு இல்ல. புடுங்கிட்டு நாலு தென்னம்பிள்ளையாச்சும் வைக்கவா? அண்ணே நெனச்சதுதான."

அவள் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லு."

அவன் அதையே மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இந்தக் காய்ப்பு முடியட்டும்" என்றாள்.

"போன காய்ப்புக்கும் இதத்தான சொன்னீக."

"ஆமா. இதுவும் முடியட்டும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனான். அவள் கொஞ்ச நேரம் பந்தலுக்கடியில் நின்றுவிட்டு, வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.